மூன்று வீச்சுக்கு ஓர் அரசன்

ஈர்க்கு விளக்குமாறு மணலில் இழுபடும் சத்தம் எனக்குப் பல்லில் கேட்கும். ஒரு நீண்ட இழுப்பு, சின்னதாய் ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு. இன்று காலை பக்கத்து வளவில் யாரோ பூவரசஞ்சருகு கூட்டினார்கள். வேறு ஏதோ எழுதத்தான் கொப்பியை விரித்திருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். என் தமையன் குலம் அண்ணை வந்து நின்றார்.

அந்தத் தேர் நாளில் நின்றது போலவே நின்றார். வெறும் மேல். இடுப்பில் பட்டுச் சால்வை. முகமும் கையும் ஒரு நிறம், நெஞ்சும் முதுகும் வெயில் காணாத இன்னொரு நிறம். தலையில் குருக்கள் கட்டிவிட்ட சிவப்புத் தலைப்பாகை. காலடியிலிருந்து தேர் நின்ற இடம்வரை அலரியும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியுமாக இதழ்கள். குருக்கள் வெள்ளித் தட்டில் ஒரு விளக்குமாற்றை வைத்து அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை அதை எடுக்கவில்லை.

நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தார். தவில் ஓய்ந்துவிட்டது. ஆனி மாதத்து வெயில் மணலுக்குள் இறங்கி உள்ளங்கால் வழியாக மேலே ஏறியது. பெண்கள் பக்கத்தில், கயிற்றுக்கு இப்பால் நின்ற நான், எடுங்கோ அண்ணை, எடுங்கோ, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

பத்து நிமிட அரச வம்சம்

எங்கள் ஊர் அச்சுவேலிக்கு அப்பால், கடல் பக்கமாக இருக்கிறது. முருகன் கோயில். அதற்குமேல் அடையாளம் சொன்னால் கோயில் உரிமைக்கார நாலு வீட்டாரும் சண்டைக்கு வருவார்கள். சண்டை பிடிக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

நல்லூரில் அரசர் இருந்த காலத்தில், ஒரு தேர் நாளன்று அரசர் எங்கள் கோயிலுக்கு வந்தாராம். வருகிறவர் அரசர் என்றதும் வீதி கூட்டுகிறவர்கள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். சாமி வாசலுக்கு வந்துவிட்டது. வீதி முழுக்கச் சருகு. அரசர் தலைப்பாகையைக் கழற்றி நிலத்தில் வைத்தார். குனிந்தார். கூட்டினார். இவ்வளவுதான் கதை. இதற்குக் கல்வெட்டும் இல்லை, ஏடும் இல்லை. சரித்திரம் படிப்பிக்கும் என் சிநேகிதிக்கு இதைச் சொன்னால், "ஏன், அண்டைக்கு அரசருக்கு வேறை வேலை இருக்கேல்லையோ?" என்று கேட்பாள்.

அரசர்கள் போய்விட்டார்கள். பறங்கியர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். எங்கள் கோயிலில் மட்டும் அரசருடைய இடம் காலியாகவே இருந்து, பிறகு நாலு குடும்பங்களின் கைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு வீடு என்று முறை. அந்த வீட்டின் மூத்த ஆண் தேர் நாளன்று அரசராக நிற்பார். குருக்கள் தலைப்பாகை கட்டிவிடுவார். அவர் அதைத் தன் கையாலேயே கழற்றி மண்ணில் வைக்க வேண்டும். பிறகு விளக்குமாற்றை எடுத்து மூன்று வீச்சு. அதற்குப் பெயர் அரசர் தொண்டு. வீட்டில் விளக்குமாறு என்று மூலைக்குள் கிடப்பதற்குக் கோயிலில் திருவலகு என்று பெயர். அதற்கு வெள்ளிப் பூண் வேறு.

வெங்காயமும் புகையிலையும் நட்ட நாலு வீடு. நாலு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து நிமிடம், அரச வம்சம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசர் கூட்டுவதற்கு முன்பே வீதி கூட்டியாகிவிடும். விடியப்புறம் பரமேஸ் என்ற மனுசி வந்து, வெளிவீதி நாலையும் துப்புரவாகக் கூட்டிவிட்டுப் போவாள். அரசர் கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆகவே அரசர் கூட்டுவதற்கென்று பூவைக் கொண்டுவந்து தூவுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்தும் இதில் ஒரு புதுமையும் எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயது தாண்டித்தான் தெரிந்தது.

அப்பா எழுதுவித்த வசனம்

பணிவதற்கு உரிமை கேட்டுக் கோட்டுக்குப் போன ஊர் எங்களுடையது.

எந்த வீடு முதல், எந்த வீடு பிறகு என்று தொடங்கிய வழக்கு. அப்பாவும் சபாபதியர் வீட்டாரும்தான் முக்கிய எதிரிகள். பதினொரு வருடம் அப்பா பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ்ஸில் அலைந்தார். ஒரு வருடம் திருவிழாவே நடக்கவில்லை. முருகன் உள்ளே பூட்டப்பட்டுக் கிடந்தார், யார் அவருக்கு முன்னால் குனிவது என்று தெரியாமல்.

கடைசியில் சமாதானமாகி ஒரு பத்திரம் எழுதினார்கள். அதில் ஒரு வசனம்: எந்த வீடாவது தொடர்ந்து இரண்டு முறை ஆள் நிறுத்தாவிட்டால், அந்த வீட்டின் உரிமை அடுத்த வீட்டுக்குப் போகும். அதை எழுதுவித்தது அப்பா. சபாபதியரின் மூன்று பெடியன்களும் அப்போது வெளிநாடு போக ஏஜென்சிக்காரனின் பின்னால் திரிந்தார்கள். எல்லோரும் போய்விடுவார்கள், சபாபதியருக்குப் பிறகு அந்த வீட்டில் நிற்க ஆள் இராது என்று அப்பா நம்பினார்.

மூன்று பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. போனது குலம் அண்ணை.

அண்ணை போன பிறகும் அப்பாவே ஒவ்வொரு முறையும் நின்றார். எண்பது வயதில் நின்றபோது விளக்குமாறு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது போல இருந்தது. அடுத்த முறை வந்தபோது, தேருக்கு இரண்டு கிழமைக்கு முன் காலமாகிவிட்டார். சாவுத் துடக்கு உள்ள வீடு, யாரும் நிற்க முடியாது. அது ஒரு முறை தவறியது. இன்னொன்று தவறினால் அப்பா எழுதுவித்த வசனம் எங்களுக்கே வேலை செய்யும்.

அந்த இன்னொரு முறை வந்த ஆனியில்தான் அண்ணை சுவிஸிலிருந்து வந்து இறங்கினார். அண்ணி வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. ஒரு பெட்டியும் அவரும்.

ரயில்வேயில் வேலை

அண்ணைக்கு ரயில்வேயில் வேலை என்று ஊருக்குத் தெரியும். போன புதிதில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார். அம்மா அதைக் கொண்டுபோய்க் கிணற்றடி கிணற்றடியாக வாசித்தார். கொஞ்ச நாளில் ஊர் அவருக்கு ஸ்ரேசன் மாஸ்ரர் என்று பட்டம் கட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பு உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சில் அதற்குத் தனி எடை.

அண்ணை பொய் எழுதவில்லை. ரயில் நிலையத்தில்தான் வேலை. மேடை கூட்டுகிற வேலை.

அப்பா இருந்த காலத்திலேயே எனக்கு இது தெரியும். ஓர் இலக்கியக் கூட்டத்துக்கென்று ஒரு மாதம் அங்கே போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "என்னோடை வா, ஒரு இடம் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனார். நிலையத்தின் ஒரு சின்னக் கதவுக்குள் போனவர், செம்மஞ்சள் ஜாக்கெற்றோடு வெளியே வந்தார். கையில் நீளத் தடி போட்ட விளக்குமாறு. என்னை வாங்குப் பலகையில் இருத்திவிட்டு மேடையின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போனார். பனி முடிந்த காலம்; காற்று ஊசி போல. அண்ணை ஒருமுறை முகத்தைத் தூக்கிப் பார்த்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். பிறகு இழுத்தார். சிகரெட் துண்டுகள், பிரயாணச் சீட்டுகள், ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை, எல்லாம் ஒரே கோட்டில் அவருக்கு முன்னால் நடந்தன. ஒரு துளி தூசி எழும்பவில்லை.

"தூசியை எழுப்பினால் ரெண்டு மடங்கு வேலை" என்றார் திரும்பி வந்து. "அதோடை ரயிலுக்கு நிக்கிற சனத்துக்கும் மரியாதையில்லை."

"வெக்கமாய் இருக்கேல்லையோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட நாக்கை இன்னும் மன்னிக்கவில்லை.

"இஞ்சை ஏன் வெக்கம்? ஊருக்குப் போகேக்கைதான். பிளேனிலை எனக்குப் பக்கத்துச் சீற்றிலை வந்து இருக்கும்." சிரித்தார். "அப்பாட்டைச் சொல்லிப் போடாதை."

சொல்லவில்லை. அப்பா போகும்வரை சொல்லவில்லை.

கல்லில் கிடக்கும் அரசர்கள்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எங்கேயும் நேராய்ப் போனதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கோயில் கோயிலாகத் திரிந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. அப்போது கண்ட அரசர்கள்தான் எத்தனை பேர். தூணில் கைகூப்பி நிற்கிறவர்கள், எண்ணெய்ப் பிசுக்கேறி மூக்கு மழுங்கியவர்கள். ஒரு கோயிலில் வாசற்படிக்குக் கீழே தரைக் கல்லில் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார், செதுக்கிய உருவம். போகிற வருகிறவர்களின் கால் தன்மேல் பட வேண்டும் என்று அரசரே செதுக்குவித்ததாகச் சொன்னார்கள். நாட்டையே சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவருடைய வேலைக்காரனாக இருந்து ஆண்ட அரச குலம் ஒன்று மலையாளக் கரையில் உண்டு. ஒரிசாப் பக்கம் இன்றைக்கும் தேருக்கு முன்னால் அரச குலத்தவர் பொன் பிடி போட்ட துடைப்பத்தால் கூட்டுகிறார்.

அந்தத் தரைக்கல் அரசரைப் பற்றி ஒரு வசன கவிதை எழுதினேன். குனிய முடிந்தவனுக்குத்தான் உயரம் தெரியும் என்ற மாதிரி ஏதோ. நல்ல வரவேற்பு. மூன்று இடத்தில் மேடையில் வாசித்தேன். இப்போது அதை எடுத்துப் பார்க்கவே அலுப்பாய் இருக்கிறது.

அலுப்புக்குக் காரணம் அண்ணை.

கிணற்றடியில்

அவர் வந்து நாலாம் நாள். குளித்துக்கொண்டிருந்தார். நான் சவர்க்காரத்தோடு நின்றேன்.

"அண்ணை, தேருக்கு எங்கடை முறை."

"தெரியும். தேர் முடியத்தான் வருவம் எண்டு பார்த்தனான். அப்ப லீவு தரேலாது எண்டிட்டாங்கள்."

"நீங்கள் நிக்கோணும்."

வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டார். தண்ணீரில் அது தொம் என்று விழுந்தது.

"ஆறு கிழமை லீவு, தங்கச்சி. ஆறு கிழமை விளக்குமாத்தைக் கண்ணாலை காணக் கூடாது எண்டு வந்தனான். நீ கையிலை தாறாய்."

"உது வேறை. அரசர் செய்த தொண்டு."

"ஓமோம், நீ எழுதினதை வாசிச்சனான். நிலத்திலை கிடக்கிற ராசா. வடிவாய்த்தான் எழுதியிருந்தாய்." தலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டு, தண்ணீர் வடிய வடிய என்னைப் பார்த்தார். "ராசா ஒருநாள் கூட்டிப்போட்டு மாளிகைக்குப் போவான். அது பணிவு எண்டுறியள். நான் கூட்டினால் அது வேலை. அடுத்த நாளும் கூட்டோணும். எனக்கு எங்கையிருந்து பணிவு வரும்? இறங்கிறதெண்டால் எங்கையாவது ஏறியிருக்க வேணுமே."

"அப்பா பதினொரு வருசம் நடந்தவர், அண்ணை."

"அவர் இஞ்சை பதினொரு வருசம் நடந்தவர், நான் அங்கை முப்பது வருசம் கூட்டினனான். ரெண்டு பேரும் களைச்சுப் போனம். விடு."

விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அடுத்த நாளே சபாபதியரிடம் போனேன்.

சபாபதியர் ஓய்வுபெற்ற தபாலதிபர். இப்போது கோயில் சபைத் தலைவர். எங்கள் முறை தவறினால் அது போய்ச் சேரும் வீடு அவருடையதுதான். ஆனாலும் மரியாதையாக இருத்தித் தோடம்பழத் தண்ணி தந்தார்.

"அண்ணைக்கு உடம்பு சரியில்லை, மாமா. எங்கடை வீட்டு இடத்திலை நான் நிக்கிறன்."

"எங்கை நிக்கிறாய்?"

"அரசர் தொண்டுக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவருக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

"பிள்ளை, ராசா கூட்டினதாய்த்தான் கதை. ராணி கூட்டினதாய் ஒரு கதையும் இல்லை. பொம்பிளையள் எந்த நாளும் கூட்டுறவைதானே, அதிலை என்ன புதினம்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்கடை ஸ்ரேசன் மாஸ்ரருக்கு என்ன வருத்தம்? நேற்றும் சந்தையிலை நடந்து திரிஞ்சவர். சுவிஸ் முதுகு வளையாதாமோ?"

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். முதுகு வளையாதாமோ என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். அங்கே இரண்டுமுறை முள்ளந்தண்டுக்கு ஊசி போட்டவர்.

"உன்னையும் உப்பிடிச் சொன்னவரோ? புதினமில்லை எண்டு?"

"ஓம்."

"சரி. நிக்கிறன்." சிரிப்புப் போய்விட்டது. "அப்பாவுக்காக இல்லை. நீ உந்த வாசலிலை போய் நிண்டு உந்தக் கதை கேட்டிட்டு வந்தாய், அதுக்காக. ஆனால் ஒண்டு. என்ரை வேலை என்னெண்டு ஊரிலை ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது. அம்மாவும் அப்பாவும் அப்பிடியே நம்பிப் போய்ச் சேர்ந்திட்டினம். இனி வந்து நான் அதைக் குழப்ப மாட்டன்."

"சத்தியமாய் நான் சொல்ல மாட்டன். வேறை ஆருக்கு அண்ணை தெரியப் போகுது?"

"விளக்குமாத்தைப் பிடிச்ச உடனை தெரியும். முப்பது வருசம். கைக்கு மறைக்கத் தெரியாது."

தெரியாமல் இருக்கப் பழகுதல்

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் நடந்ததை யாராவது வேலிக்கு மேலால் பார்த்திருந்தால் விசர் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணை விளக்குமாற்றைப் பிடிப்பார். நான் பார்ப்பேன்.

"இல்லை அண்ணை. தெரியுது."

"இப்ப?"

"இன்னும் தெரியுது. கையை மேலை பிடியுங்கோ. எல்லா விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கோ, உலக்கை பிடிக்கிறமாதிரி."

"உலக்கையும் எனக்குப் பிடிக்கத் தெரியும்."

"அப்ப பேனை பிடிக்கிறமாதிரிப் பிடியுங்கோ. ஸ்ரேசன் மாஸ்ரர்தானே."

சிரித்தோம். அவர் மணலைக் கிளறினார், குத்தினார், தூசியை எழுப்பித் தும்மினார். கூட்டிக்கொண்டே வந்து மூன்றாவது, நாலாவது வீச்சில் கை தன்பாட்டில் பழைய பிடிக்குத் திரும்பிவிடும். முற்றம் ஒரு நொடிக்குள் துப்புரவாகிவிடும். "சீ, கோதாரி" என்று தன் கையையே ஏசுவார். மறுபடி தொடக்கத்திலிருந்து.

மூன்று வீச்சுத்தானே, அதற்குள் பிடிபடாது என்று முடிவுசெய்தோம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ பழக்கியிருக்கிறேன். நான் என் தமையனுக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் தெரியாமல் இருக்கப் பழக்கினேன். அதில் கெட்டிக்காரியாகவும் இருந்தேன்.

மூன்று வீச்சு

இனித் தேர் நாளுக்கு வரலாம். தட்டு நீட்டியபடி இருக்கிறது. அண்ணை எடுக்காமல் நிற்கிறார்.

மனம் மாறிவிட்டார், அப்படியே திரும்பி நடந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு கிழவி, "பக்தியிலை அப்பிடியே விறைச்சுப் போட்டார், பாருங்கோ" என்றாள். சபாபதியர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அண்ணை தலைப்பாகையைக் கழற்றினார். குனிந்து மண்ணில் வைத்தார். நிமிர்ந்து ஒருமுறை தென்மேற்குப் பக்கம் முகத்தைத் தூக்கினார். சோழகக் காற்று தேர்ச்சீலைகளை உதறிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு எடுத்து இடம் மாறி நின்றார். பிறகுதான் தட்டிலிருந்து எடுத்தார், பேனை பிடிப்பது போல.

முதல் வீச்சில் இதழ்கள் குருக்களின் முழங்காலுக்கு எழும்பின. சனம் சிரித்தது. நல்ல சிரிப்பு, பிரியமான சிரிப்பு. இரண்டாவது வீச்சில் விளக்குமாறு மண்ணில் குத்தி நின்றுவிட்டது.

"பாவம், அந்தாளுக்குப் பச்சைக்கொடி காட்டத்தானே தெரியும்!" என்றார் சபாபதியர் சத்தமாக. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

மூன்றாவது வீச்சில் கை மறந்துவிட்டது. நான் கண்டேன். மணிக்கட்டு தளர்ந்தது, தோள் இறங்கியது, விளக்குமாறு நிலத்தோடு ஒட்டி நீளமாய் இழுபட்டது. இதழ்கள் எல்லாம் ஒரே கோட்டில் எழும்பாமல் நகரத் தொடங்கின. பாதியில் அவருக்கு நினைவு வந்தது. விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார். அந்தக் கோடு பாதியில் நின்றது. அரோகரா என்று சனம் கத்தியது. தவில் விழுந்தது. முருகன் வெளியே வந்து, பாதி கூட்டிய பூவின்மேல் ஆடிக்கொண்டு தேருக்குப் போனார்.

உரிமை எங்களிடமே தங்கிவிட்டது. சனம் வந்து அண்ணையின் கையைப் பிடித்தது. எங்கள் சின்னம்மா முறையான ஒருத்தி என் தோளில் கைபோட்டுச் சொன்னாள்: "பார் பிள்ளை, எவ்வளவு பெரிய உத்தியோகம். ஒருநாளும் விளக்குமாறு தொட்டறியாத கை. எவ்வளவு பணிவு!"

ஓம் மாமி என்றோ ஓம் சின்னம்மா என்றோ சொன்னேன். தண்ணீர்ப்பந்தல் பக்கம் நடந்தேன்.

பரமேஸ் கண்டது

தண்ணீர்ப்பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பரமேஸ் பக்கத்தில் வந்து குந்தினாள். தேர் இருப்புக்கு வந்ததும் வீதியை மறுபடி கூட்ட வேண்டும், அதற்குக் காத்திருந்தாள்.

"ரீச்சர், உங்கடை அண்ணைக்குக் கூட்டத் தெரியும், என்ன?"

குவளையைக் கீழே வைத்தேன்.

"இல்லையே. பார்த்தனீங்கள்தானே."

"பார்த்தனான். தெரியாத ஆக்கள் நிண்ட இடத்திலை நிண்டு கூட்டுவினம். அவர் காத்து எங்கையிருந்து வருகுதெண்டு பார்த்து, அங்காலை போய் நிண்டவர்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கூட்டிப் பிழைச்ச ஆளுக்குத்தான் அந்தப் புத்தி."

"பரமேஸ், ஆருக்கும்…"

"எனக்கேன் ரீச்சர் உந்த வேலை." கையை நீட்டி வீதியைக் காட்டினாள். "நான் இந்த வீதியைக் கலியாணம் முடிச்ச காலத்திலை இருந்து கூட்டுறன். ஒருத்தரும் நிண்டு பார்த்ததில்லை. அவர் இண்டைக்குப் பிழையாய்க் கூட்ட, ஊரே கும்பிட்டுது. எனக்கு அது பரவாயில்லை, பழகிப் போச்சு. ஆனால் நல்லாய்க் கூட்டத் தெரிஞ்ச மனிசன் ஏன் சாமிக்கு முன்னாலை வேணுமெண்டு பிழையாய்க் கூட்டினவர்?"

பதில் இருந்தது. பிழையாய்க் கூட்டப் பழக்கியதே நான்தான். எத்தனை அரசர்களைப் பற்றி எழுதியவள் நான்.

பின்னேரம் அண்ணையிடம் சொன்னேன். வேட்டி மாற்றாமல் வாங்கில் படுத்திருந்தார்.

"அவ கண்டிட்டாவோ?"

"ஓம்."

"வேறை என்ன கேட்டவ?"

அதையும் சொன்னேன். முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூண்டாவதை நிப்பாட்டாமல் விட்டிருக்கலாம்" என்றார். திருவிழா முடிந்து கொடி இறங்கியது. ஒரு காலை எழும்பிப் பார்த்தால் வீட்டு முற்றம் துப்புரவாக இருந்தது. வாசல் படலையடிவரை நீள நீளக் கோடுகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படியே இருந்தது.

படலையடி

கட்டுநாயக்காவுக்குப் போகும் வான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. பெட்டிக்குள் மிளகாய்த்தூள், புழுக்கொடியல், அண்ணிக்கு ஒரு சேலை. சாரதி பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். வெயிலில் வேலி ஓலைகள் வெடித்துக்கொண்டிருந்தன.

"உதையெல்லாம் எழுதுவியோ?" என்றார் அண்ணை, செருப்பை மாட்டிக்கொண்டே.

"இல்லை அண்ணை. எழுத மாட்டன்."

"எழுதாமல் உனக்கு இருக்கேலாதே."

"உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தந்ததுதானே. இருப்பன்."

தலையைத் தடவினார். ஐம்பது வயது தாண்டிய தலையை. வானில் ஏறிக் கதவை இழுத்தார். வான் பின்னுக்கு எடுத்துத் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன். ஒழுங்கை வளைகிற முடக்கு மட்டும் போன வான் அங்கே நின்றது. எதையோ மறந்துவிட்டார், பாஸ்போட்டாக்கும் என்று ஓடினேன். கண்ணாடி இறங்கியது.

அவர் தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, எழுது. ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லையெண்டும் எழுது. ஆனால் அண்டைக்குக் கூட்டினதை மட்டும் எழுதிப்போட்டு விட்டிடாதை. எனக்கு நல்லாய்க் கூட்டத் தெரியும் எண்டு எழுது."